மஞ்சள் காசில் பெரிய கோயில்

பௌர்ணமி அன்று செஞ்சி பஸ் ஸ்டாண்டு கழிப்பிடக் கவுண்டரில் எப்படிச் சமாளிப்பது என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் என்னைக் கேட்பதுண்டு. "வாயை மூடிக்கினு கையை ஓட்டு" என்பேன். திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிற பஸ்கள் வரிசையாக இங்கே நிற்கும். இறங்குகிற கூட்டம் நேரே என்னிடம்தான் வரும், டீ கூட அப்புறம்தான். ஆளுக்கு ஐந்து ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டிவிட்டு நிற்க முடியாமல் நிற்பவர்களுக்குச் சில்லறை கொடுக்கத் தாமதித்தால் என்ன திட்டு விழும் என்பதை இங்கே எழுத முடியாது.

இந்த வேலையில் காசைக் கண்ணால் பார்க்க நேரமில்லை. விரலே சொல்லிவிடும், இது ஒன்று, இது இரண்டு, இது ஐந்து என்று. வாங்கு, தடவு, பெட்டியில் போடு. அப்படியே பல வருஷம் ஓட்டிவிட்டேன். காசுக்கு ஒரு முகம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

செல்லாத காசு

ஒரு பௌர்ணமி மதியம், கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். மஞ்சள் நிற ஐந்து ரூபாயைத் தயங்கித் தயங்கி நீட்டினாள்.

"இது செல்லுமா பாருக்கா. டீக்கடையில வாணாம்னுட்டாங்க. படம் வேற மாதிரி இருக்குதாம்."

நம் பக்கத்தில் இது ஒரு வியாதி. பத்து ரூபாய்க் காசு செல்லாது என்று யாரோ கிளப்பிவிட்டது முதல், கொஞ்சம் மாறுதலாக எந்தக் காசைப் பார்த்தாலும் கடைக்காரர்கள் கையை இழுத்துக்கொள்கிறார்கள்.

"செல்லும், உள்ள போம்மா. புள்ளை அழுவுது பாரு" என்று வாங்கிக்கொண்டேன். கூட்டம் குறைந்த பிறகுதான் அதைத் திருப்பிப் பார்த்தேன்.

கட்டைவிரல் நகத்தளவு இடத்தில் ஒரு கோயில். அடுக்கடுக்காக ஏறிப்போய் உச்சிவரை எல்லாம் இருந்தது. சுற்றிலும் பொடி எழுத்து. பத்தாவது வரை படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன். தஞ்சாவூர் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதற்காகப் போட்ட காசு.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்தால் ராஜகிரிக் கோட்டை தெரியும். வெளியூர்க்காரர்கள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது, "வழியை விட்டு நில்லுங்க" என்று விரட்டுகிறவள் நான். அப்படிப்பட்ட நான் ஒரு காசைக் கண்ணருகே வைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தனை பெரிய கோயிலை டீக்கடையில் வேண்டாம் என்றிருக்கிறார்கள். அது என் கழிப்பிடப் பெட்டிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெட்டியில் விழுவதெல்லாம் காண்ட்ராக்டர் காசு. என் பர்ஸிலிருந்து ஐந்து ரூபாயைப் போட்டுவிட்டு அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கோவிந்தம்மாக்காவின் கம்மல்

உள்ளே தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற கோவிந்தம்மாக்காவிடம் காட்டினேன். அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு, செல்போன் வீடியோவில் வருவதெல்லாம் அவருக்கு வேதவாக்கு. இரண்டு நாளில் ஓடிவந்தார்.

"ஏ விஜயா, அந்தக் காசு அஞ்சு லட்சத்துக்குப் போவுதாம்டி. நம்பர் போட்டிருந்தான். பேசிட்டேன்."

"யாருக்கா அவன்?"

"பழைய காசு வாங்கற கம்பெனி. முன்பணம் கட்டுனா ஆளே வீட்டுக்கு வந்து பணத்தைக் குடுத்துட்டுக் காசை வாங்கிக்குவானாம். உன்கிட்ட ஏது பணம்? நான் கம்மலை வெச்சுக் கட்டறேன். வர்றதுல பாதி குடு, போதும்."

அது அவருடைய கல்யாணத்துக்கு நைனா போட்ட கம்மல். புருஷன் போன பிறகு எத்தனையோ கஷ்டத்திலும் அக்கா அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. மகளின் நர்சிங் படிப்புக்கு ஃபீஸ் கட்டவேண்டிய நேரம் அது. அதனால்தான் கை காதுக்குப் போயிருக்கிறது.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. அஞ்சு லட்சம் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. இத்தனை வருஷமாக நான் காசைப் பார்த்ததே இல்லையே. இதே மாதிரிக் காசு இதற்கு முன் என் கை வழியாகப் போகவில்லை என்று எப்படிச் சொல்வது?

"அக்கா, அடுத்த பௌர்ணமி வரைக்கும் கம்மலைக் கழட்டாத. அன்னிக்குத் தமிழ்நாட்டுச் சில்லறை மொத்தமும் நம்ம பெட்டியிலதான் விழும். பாத்துட்டுச் சொல்றேன்."

"அதுக்குள்ள வேற எவளாச்சும் வித்துட்டா இன்னா பண்ணுவ?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

திருப்பிப் பார்த்த நாள்

அந்தப் பௌர்ணமிக்கு வாங்கிய ஒவ்வொரு காசையும் திருப்பினேன். கூட்டம் திட்டியது. திட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடேயப்பா, எத்தனை முகங்கள். தலைவர்கள், துறவிகள், பேர் தெரியாத பெரியவர்கள், ஏதேதோ சின்னங்கள். தினமும் இவர்களையெல்லாம் தடவித் தடவி இருட்டுப் பெட்டிக்குள் தள்ளியிருக்கிறேன். சேலத்துப் பூக்காரி, கடலூர் மீன்காரர் என்று எந்தெந்தக் கையிலோ இருந்துவிட்டு, என் ஜன்னலுக்கு வந்து விழுகின்றன. ஒரு நாடே இந்த ஓட்டை வழியாக நடந்துபோவதைப் போல இருந்தது.

வெயில் தாழ்வதற்குள் பெரிய கோயில் வந்துவிட்டது. சற்று நேரத்தில் இன்னொன்று. அப்புறம் மழமழவென்று தேய்ந்துபோன ஒன்று. வர வர ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன். கோவிந்தம்மாக்கா வாளியை இறக்கிவிட்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் ஒரு கோயில் வந்து வரிசையில் உட்கார்ந்தது.

"ஏன்டி, ஒவ்வொண்ணும் அஞ்சு லட்சம்னா, இந்தக் கக்கூஸு இன்னா விலைடி?" என்றார்.

நான் சிரிக்கவில்லை, அவர் முகம் அப்படி இருந்தது. அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது, அதே கம்பெனிக்காரன். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, இன்னிக்கு முன்பணம் கட்டலைன்னா சான்ஸ் போயிடும்."

"தம்பி, எங்ககிட்ட ஒரு வரிசையே இருக்குது. உன் முன்பணத்தை அந்த அஞ்சு லட்சத்துல கழிச்சுக்கோ. மிச்சத்தை எடுத்துக்கினு வா" என்றார் அக்கா.

போன் துண்டிக்கப்பட்டது. அக்கா இரண்டு காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கம்மல் இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. ஃபீஸுக்கு மகளிர் குழுவில் கடன் கேட்டுப் பார்ப்பது என்று அங்கேயே பேசி முடிவெடுத்தோம். இரண்டு பேர் பேரிலும் எடுத்தோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். வித்தியாசமான காசு வந்தால் திருப்பிப் பாருங்கள். பிடித்திருந்தால் பதில் காசு போட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். அதை விற்றுத் தருகிறேன் என்று எவனாவது முன்பணம் கேட்டால் அந்தப் போனை அங்கேயே துண்டியுங்கள்.

முதலில் வந்த காசு மட்டும் என்னிடம் இருக்கிறது. மற்றவற்றைச் சில்லறையாகவே கொடுத்துவிடுகிறேன், கோயில் மேலே தெரியும்படி வைத்து. போன பௌர்ணமிக்கு ஒரு பெண் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது செல்லுமாக்கா?" என்று இழுத்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து வாளியோடு கோவிந்தம்மாக்கா எட்டிப் பார்த்தார். காதில் கம்மல் ஆடியது.

"ஆயிரம் வருசமா நிக்குது, உன் கையில செல்லாதா? எடுத்துட்டுப் போம்மா."