மாமியார் வாயில் பஞ்சு இருந்த அரை மணி நேரம்

"அதே பேச்சத்தான் பச்சையம்மா நானும் பேசிக்கினு திரிஞ்சேன். பால் குடுக்கிறவளுக்குப் பல்லப் புடுங்கினா பால் வத்திடும், ஊசி போட்டா புள்ளைக்கு வாய் மரத்துப்பூடும்னு. இப்ப நீ சொல்லக்குள்ள எனக்கே சிரிப்பு வருது. ஒம் பொண்ணு எங்க? கன்னத்தப் புடிச்சிக்கினு உள்ளதான குந்திக்கினு இருக்கா? கூப்புடு அவள."

பச்சையம்மாவின் மகள் வெளியே வரவில்லை. பல் வலிக்கிறவளுக்கு யார் பேச்சும் பிடிக்காது, எனக்குத் தெரியும். அதனால் எங்கள் திண்ணையில் இருந்தபடியே எதிர்வீட்டுக்குச் சொல்ல வந்ததை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, பெருவிரல்தான். நான் சொல்லச் சொல்ல என் மருமகள் சங்கீதா எழுதுகிறாள். பல் வலி அவளுடையது, கதை என்னுடையது. அடைப்புக்குள் வருவதெல்லாம் அவள் சொந்தச் சரக்கு.

என் பேத்தி யாழினி பிறந்தபோது ஒன்றே முக்கால் கிலோ. அதைவிடப் பெரிய மரவள்ளிக் கிழங்கை நான் ஒரே இழுப்பில் பிடுங்கியிருக்கிறேன். துணியில் சுற்றினால் துணிதான் தெரியும், பிள்ளை தெரியாது. நாலாம் மாதம் அவள் நாலரைக் கிலோவுக்கு வந்தாள். அத்தனையும் தாய்ப்பால். அந்தப் பாலுக்கு நான்தான் காவல்.

எங்கள் வெள்ளிமலைப் பக்கம் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் உண்டு (தாய் இன்னது தின்னலாம், இன்னது கூடாது என்கிற கட்டுப்பாடு). நான் அதற்கும் மேலே ஒரு படி. சங்கீதாவுக்கு எதைக் கொடுப்பதென்றாலும் முதலில் நான் தின்று பார்ப்பேன். கருவாடா, கத்தரிக்காயா, பலாச்சுளையா, தின்றுவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருப்பேன். வயிறு கடமுடா என்றால் அவளுக்குக் கிடையாது. சும்மா இருந்தால் மறுநாள் அவளுக்கு (மறுநாள் பலாச்சுளை மிச்சம் இருந்ததே இல்லை). நாலு மாதத்தில் பிள்ளை பெற்றவள் இளைத்தாள், எனக்கு ரவிக்கை பத்தாமல் போயிற்று.

பலாக்கொட்டையையும் அப்படித்தான் சுட்டு, நான் தின்று பார்த்துவிட்டுக் கொடுத்தேன். என் வயிறு அதை ஒப்புக்கொண்டது. அவள் பல் ஒப்புக்கொள்ளவில்லை. கடக் என்றது. கீழ்வரிசைக் கடைவாய்ப் பல், கர்ப்பமாக இருக்கும்போதே ஓட்டை விழுந்தது, பாதியாகப் பிளந்துவிட்டது.

"அத்தே, பல்லு போச்சு."

"போனா போவட்டும். கிராம்ப வெச்சி அழுத்து."

அன்றும் மறுநாளும் கிராம்பு. அதற்கு மேல் தாங்காமல், கள்ளக்குறிச்சிக்குப் போய்ப் பல்லைக் காட்டுகிறேன் என்றாள். கூடாது என்றேன். பல்லின் வேர் கண்ணுக்குப் போகிறது, கண்ணிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து மாருக்கு. ஒரு முனையைப் பிடுங்கினால் மறுமுனை சும்மா இருக்குமா?

"இத யாரு அத்தே சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? எனக்கே தெரியும்."

மூன்றாம் நாள் அவள் அழுதது பார்க்க முடியாமல், என் முட்டிவலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரை ஒன்றைக் கொடுத்தேன். அவள் விழுங்கின பிறகுதான் எனக்குப் பால் ஞாபகம் வந்தது. மாத்திரை பாலில் இறங்கிவிடுமே! உடனே பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அன்றைக்குப் பால் கொடுக்கக் கூடாது, பீய்ச்சிவிடு என்றேன். தாய்ப்பாலை மிதிபடும் இடத்தில் ஊற்ற மாட்டோம். கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுபோய்க் கறிவேப்பிலைச் செடியின் அடியில் ஊற்றினேன். பிள்ளைக்குப் பசும்பாலைப் பாலாடையில் ஊட்டினால், அவள் அதை என் முகத்திலேயே துப்பினாள்.

பொழுது சாய்வதற்குள் சங்கீதாவுக்கு மார் கல்லாகிவிட்டது (பால் கட்டிக்கொள்வது: குழந்தை குடிக்காததால் பால் தேங்கி, மார்பு வீங்கி வலிப்பது). மேலே கன்னம் பணியாரம், கீழே மார் பாறை, என் தோளில் பிள்ளை அலறல். கடைசியில் நானே பிள்ளையை அவள் மடியில் போட்டுவிட்டு, மேற்குப் பார்த்துக் கும்பிட்டேன். அந்தப் பக்கம் கோயில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அப்போது அந்தப் பக்கம்தான் திரும்பி நின்றிருந்தேன்.

நாலாம் நாள் மார் தளர்ந்தது. ஆனால் பால் குறைந்திருந்தது. யாழினி இழுத்துப் பார்த்துவிட்டு அழுதாள், மறுபடி இழுத்தாள், மறுபடி அழுதாள். "பாத்தியா? மாத்திரைக்கே இப்பிடி. இன்னும் ஊசி வேற போட்டா?" என்றேன்.

சங்கீதா பிள்ளையை மறுமாருக்கு மாற்றிக்கொண்டே, வாயை முழுசாகத் திறக்க முடியாமல் சொன்னாள்:

"நாலு நாளா ஒரு வாய் சோறு மெல்ல முடியல. கஞ்சித் தண்ணிய வெச்சிக்கினு எங்கேர்ந்து பால் வரும்? பல்லு வத்த வெக்கல அத்தே. நீங்கதான் வத்த வெக்கிறீங்க."

அவள் எதிர்த்துப் பேசுகிறவள் இல்லை (அன்று வரை). எனக்குச் சுருக்கென்றது. போய்ப் பையில் துணி எடுத்து வைத்தேன்.

மகன் வேலு போர்வெல் போடும் வண்டியோடு வெளியூர் போயிருந்தான். நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் மலை இறங்கினோம். வளைவுக்கு வளைவு அவள் கன்னத்தைப் பிடித்தாள், நான் பிள்ளையைப் பிடித்தேன். பாதி வழியில் எனக்கு யோசனை வந்தது.

"இந்தாடி, ஒண்ணு சொல்றேன். அந்த ஊசிய மொதல்ல எனக்குப் போடட்டும். எனக்கும் ஒரு பல்லு ரெண்டு வருசமா ஆடிக்கினுதான இருக்குது. நான் நல்லா இருந்தா நாளைக்கு ஒனக்கு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தாள் என்று நினைக்கிறேன், வலியில் சரியாகத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சிப் பெரியாஸ்பத்திரியில் பல் பார்க்கும் இடத்தில் சின்ன வயசு டாக்டரம்மா. சங்கீதா உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாக, "நாலு மாசக் குழந்தைக்குப் பால் குடுக்கிறேங்க" என்றாள். இதை எல்லோரும் ஞாபகம் வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைச் சொல்ல வேண்டும்.

டாக்டரம்மா படம் எடுத்துப் பார்த்தார். நான் படத்துக்கும் பயந்தேன். "எக்ஸ்ரேனால பாலுக்கு ஒண்ணும் ஆகாது ஆயா" என்றார். பல் ஈறு வரைக்கும் பிளந்திருந்ததால் வேர் சிகிச்சை (பல்லின் உள்ளே வேர்க்குழியைச் சுத்தம் செய்து அடைத்து, பல்லைக் காப்பாற்றுவது) செய்ய முடியாது, எடுத்துவிடலாம் என்றார். "இன்னும் தள்ளிப்போட்டா சீழ் ஜாஸ்தியாகும். காய்ச்சல் வரும். அப்பதான் பாலுக்குக் கஷ்டம்."

நான் என் கேள்வியைப் போட்டேன். "மரத்துப்போற ஊசி பாலுல எறங்காதா? புள்ளைக்கு நாக்கு மரத்துப்போனா எப்பிடிச் சப்பும்?"

"மருந்து போட்ட எடத்துலதான் வேலை செய்யும். ரத்தத்துல கலக்கறது கொஞ்சம். பாலுக்குப் போறது அதுலயும் துளி. அந்தத் துளியும் குழந்தை வயித்துக்குள்ள போனா பெருசா ஒண்ணும் செய்யாது. ஊசி போட்டு எறங்கின உடனே பால் குடுக்கலாம். பீய்ச்சி ஊத்த வேணாம்."

பீய்ச்சி ஊற்ற வேண்டாம் என்றதும் சங்கீதா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அப்புறம் முட்டிவலி மாத்திரை விஷயத்தையும் அவளே போட்டுக் கொடுத்தாள். பையிலிருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன். பேர் எழுதியிருந்த பாதி அட்டை எப்போதோ வெட்டிப் போயிருந்தது.

"பேரே தெரியாத மாத்திரைய எப்பிடி ஆயா குடுத்தீங்க?"

"எனக்குக் கேட்டுச்சே!"

"உங்களுக்குக் கேட்டா? பால் குடுக்கறவங்களுக்குன்னு பாத்துத்தான் குடுக்கணும். ஆஸ்பிரின் வேணாம், தூக்கம் வர்ற மாதிரி வலி மாத்திரை வேணாம். பாராசிட்டமால் போதும், அதோட சீழுக்கு நான் எழுதித் தர்றது."

நான் அசரவில்லை. எனக்கு முதலில் போடுங்கள் என்றேன். டாக்டரம்மா என் வாயைத் திறந்து பார்த்து, ஆடும் பல்லை ஆட்டிப் பார்த்தார். "இதுவும் எடுக்க வேண்டியதுதான். ஆனா உங்ககிட்டப் பால் இல்லையே ஆயா, உங்களுக்குப் போட்டு இன்னா தெரிஞ்சுக்கப் போறீங்க?"

"போடுங்க, பாத்துக்கலாம்" என்றேன்.

ரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் பார்த்தார்கள். நாற்காலியில் சாய்ந்தேன். எறும்பு கடித்தாற்போல் ஒன்று. கொஞ்ச நேரத்தில் பாதி உதடு என்னுடையது இல்லை, நாக்கில் ஒரு பக்கம் இரவல் நாக்கு. பல் எப்போது வந்தது என்றே தெரியவில்லை, தட்டில் டிங் என்று சத்தம் கேட்டதும்தான் எட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் பஞ்சை வைத்து, டாக்டரம்மா சொன்னார்: "அரை மணி நேரம் கடிச்சிக்கினு இருங்க. பேசக் கூடாது. பேசினா ரத்தம் நிக்காது."

நான் நாற்காலியை விட்டு இறங்கினேன். சங்கீதா பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அதே நாற்காலியில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

நாளைக்கு என்றல்லவா பேச்சு! "ம்ம்ம்! ஊஊம்!" என்றேன்.

"ஆயா, பேசாதீங்க" என்றது நர்சுப் பெண்.

"ஊஊஊம்!"

"அத்தே, ரத்தம் வந்துடும்" என்றாள் என் மருமகள், வாயை ஆவென்று திறந்தபடி. கல்யாணமாகி இரண்டு வருடத்தில் நான் ஒரு வார்த்தையும் சொல்ல முடியாமல் அவள் எடுத்த முதல் முடிவு அதுதான் (முன்பே யோசித்து வைத்ததில்லை. பஞ்சைப் பார்த்ததும்தான் தோன்றியது).

நாங்கள் வெளியே வந்து நடைபாதைப் பெஞ்சில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் வாயிலும் பஞ்சு. யாழினிக்குப் பசி. சங்கீதா என்னைக் கேட்கவும் முடியாது, நான் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. முந்தானையைப் போட்டுப் பால் கொடுத்தாள்.

நான் குனிந்து பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் உதடு தொங்கிப் போய், எச்சில் மோவாயில் வழிந்தது எனக்கே தெரியவில்லை. பிள்ளை குடித்து முடித்ததும், கொஞ்சம் பொறுத்து, அவள் வாயோரத்தில் விரலால் மெல்லக் கிச்சுக்கிச்சு மூட்டினேன். அந்தக் கடங்காரி சட்டென்று என் விரல் பக்கமே வாயைத் திருப்பி, கவ்விக்கொண்டு, சர்ரென்று உறிஞ்சினாள். அப்புறம் என் கோணல் முகத்தைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள். மூன்று பேரில் அவள் உதடு மட்டும்தான் முழு உயிரோடு இருந்தது.

என் கண்ணில் தண்ணீர் வந்தது. நாலு நாள் அந்தப் பெண்ணைச் சும்மா அழவிட்டேனே என்று நினைத்தேன். அதைச் சொல்லலாமென்றால் வாயில் பஞ்சு.

அந்த நேரம் பார்த்து வேலு போன் செய்தான். சங்கீதா எடுத்து "ம்ம்" என்றாள். என்னிடம் கொடுத்தாள். நானும் "ம்ம்" என்றேன்.

"இன்னாம்மா ஆச்சு? ஏன் ரெண்டு பேரும் முனகிக்கினு இருக்கீங்க? புள்ள எங்க? யாராவது பேசுங்களேன்!"

யாழினிதான் பேசினாள். "ங்கா" என்றாள். அதன் பிறகே அவன் மூச்சு விட்டது கேட்டது.

ஐந்து நாளைக்கு மாத்திரை. பால் கொடுத்துவிட்டு மாத்திரை போடு, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கோ, வாயில் வெள்ளைப் படலமோ வந்தால் கூட்டிவா என்றிருந்தார் டாக்டரம்மா. ஒன்றும் வரவில்லை. மறுநாள் சங்கீதா குழைந்த சோறு தின்றாள், மூன்றாம் நாள் கறிக்குழம்பு கேட்டாள். பால் தானாக ஊறியது. அடுத்த தடவை எடை போட்டபோது தராசு முள் ஏறி நின்றது. கறிவேப்பிலைச் செடிதான் அத்தோடு ஏமாந்து போயிற்று.

என் நாக்கு இன்றைக்கும் அந்தப் பள்ளத்தில்தான் போய்ப் படுக்கிறது. பேசும்போது காற்று வருகிறது. ஒரு வார்த்தை பேசுமுன் நாக்கு அங்கே போய்த் தொட்டுவிட்டு வர, அதற்குள் சில சமயம் சங்கீதா பேசி முடித்துவிடுகிறாள். அதுவும் பழகிவிட்டது. எங்கள் வீட்டில் இப்போது காலமே பல்லில்தான் ஓடுகிறது. ஆயா பல்லு போறதுக்கு முன்னால், அம்மா பல்லு போன பிறகு என்று. போன வாரம் யாழினி விளையாடிக்கொண்டிருந்த ஸ்பூன் அவள் வாயில் பட்டு, டிங் என்றது. ஆஸ்பத்திரித் தட்டில் கேட்ட அதே சத்தம். விரலை விட்டுப் பார்த்தேன், கீழே நடு ஈறில் அரிசி முனை. நேற்று பால் குடிக்கும்போது கடித்துவிட்டாள், சங்கீதா போட்ட சத்தத்தில் ஆடு கயிற்றை அறுத்தது.

"ஆக, பச்சையம்மா, நாளைக்கு மொத பஸ்ஸுல ஒம் பொண்ணக் கூட்டிக்கினு எறங்கு. பால் குடுக்கிறேன்னு வாயத் தொறந்து சொல்லச் சொல்லு. நீ கூடப் போனா ஒனக்கும் ஒரு பல்லக் காட்டு, அப்பதான் வாய மூடிக்கினு... ஏய் சங்கீதா, இன்னாடி தீய்ற வாசன? அடுப்புல கேவுரு கூழு! எழுதினது போதும் வுடு, நான் போய்க் கிண்டறேன். புள்ளைக்கு மொதமொதல்ல குடுக்கிற கூழு, சூடு ஆற வெச்சி, ஒரு வாய் நான் பாத்துட்டுத்தான்..."

(ஒரு வாயோடு நிற்கவில்லை.)