பனித்தரையில் உதிரிப்பூ

ஃபிரிஸ்கோவுக்கு நாங்கள் குடிவந்த புதிது. எங்கே போவதானாலும் வழியைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கார் ஓட்டிய காலம். வெயில் மண்டையைப் பிளக்கும் அந்த ஊர்ப்பக்கம், ஜூனியர் பிள்ளைகளுக்கான சர்வதேச ஃபிகர் ஸ்கேட்டிங் எனும் பனிச்சறுக்கு நடனப் போட்டி ஒன்று நடந்தது. ஒன்பது வயது மகளுக்கு அதில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆடி முடித்தவர்களுக்கு ரசிகர்கள் வீசும் பூக்களைச் சறுக்கிப்போய்ப் பொறுக்கி வரவேண்டும். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆட்டக்காரி, ஒரே ஒரு முறைதான்.

மகளுக்குச் சீட்டுக் குலுக்கலில் வந்தவள் ஏதோ ஒரு சின்ன நாட்டுப் பெண். பயிற்சியாளரைத் தவிர அவளுடன் யாரும் வரவில்லை. ஒத்திகை முடிந்து வந்த மகள் காரிலேயே அழுதாள். "நோபடி வில் த்ரோ எனிதிங் ஃபார் ஹெர், அப்பா." யாரும் எதுவும் வீசாவிட்டால் இவள் பனியில் கால் வைக்கவே முடியாது. இரண்டு மாதமாக வீட்டுக் கார்ப்பெட்டில் குனிந்து நிமிர்ந்து பழகிய பிள்ளை. எனக்கு மனசு கேட்கவில்லை.

மூன்று டஜன் ரோஜா வாங்கினேன். பூவைப் பிளாஸ்டிக் உறையோடுதான் வீச வேண்டும் என்று மகள் கொண்டுவந்த தாளில் இருந்தது. மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

"கவரோட யாராவது பூ போடுவாங்களா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. போட்டியன்று காலையில் இருவரும் உட்கார்ந்து அத்தனையையும் இதழ் இதழாக உதிர்த்தோம். ஓர் அர்ச்சனைக்கே போதுமான பூ சேர்ந்தது.

அந்தப் பெண் ஆடினாள். இரண்டு முறை விழுந்தாள், எழுந்தாள், முடித்தாள். முதல் வரிசையிலிருந்து நாங்கள் இரண்டு கையாலும் அள்ளி வீசினோம். என் தங்கை கல்யாணத்தில்கூட நான் அப்படி வீசியதில்லை.

இதழ்கள் பனியில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன. ஓர் இதழில் ஷூவின் பிளேடு ஏறினாலும் அடுத்து ஆடுகிறவள் விழுந்துவிடுவாளாம். போட்டியை நிறுத்தினார்கள். நிர்வாகப் பெண்மணி ஒருவர் சிரித்த முகத்துடன் வந்து, வீசியது யார் என்று விசாரித்தார். மனைவி யோசிக்கவே இல்லை, என்னைக் கைகாட்டினாள். மானம் கப்பலேறியது.

மகள் கையுறையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு, நகத்தால் ஒவ்வோர் இதழாகச் சுரண்டிக்கொண்டிருந்தாள். உதவிக்கு வந்த இரண்டு பிள்ளைகளை, இது தன் முறை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். மதிப்பெண்ணுக்காக பெஞ்சில் காத்திருந்த அந்தப் பெண், பனியெங்கும் தனக்காகக் கிடந்த பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி இதழையும் எடுத்துக்கொண்டு மகள் எழுந்தபோது அரங்கமே கைதட்டியது. வெட்கத்தையும் மீறி எனக்குப் பெருமையாக இருந்தது.

திரும்பும்போது காரில், தப்பு எங்கள் மேல்தான் என்று ஒப்புக்கொண்டேன். பின்சீட்டில் மகள் சிவந்துபோன விரல்களை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, நெக்ஸ்ட் டைம் மேரிகோல்ட் வாங்கு. அதுல பெட்டல்ஸ் ஜாஸ்தி."