கைக்குட்டை கட்டிய வளையல்கள்

அக்காவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து பாதி முழங்கை வரைக்கும் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் இருந்தன. அவற்றின் மேல் ஓர் ஆண்கள் கைக்குட்டை, நீலக் கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை, இறுகச் சுற்றி முடிச்சுப் போடப்பட்டிருந்தது. இடது கை வளையல்களை முந்தானையால் சுற்றிப் பிடித்திருந்தார். நிறைமாத வயிற்றோடு தேர்வறையின் வரிசைகளுக்கு நடுவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார். பக்கத்து அறையில் கண்காணிப்பில் இருந்த நான் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கைக்குட்டை எங்கள் முதல்வருடையது. சுற்றிப் பார்க்க வந்தவர், “சத்தம் பசங்களுக்குத் தொந்தரவா இருக்கும்மா” என்று சட்டைப்பையிலிருந்து எடுத்து அவரே நீட்டினார். அந்த அறையில் எழுதிய பிள்ளைகளில் ஒருவர்கூடச் சத்தம் என்று புகார் சொல்லவில்லை. வருடங்கள் போய்விட்டன, எனக்குக் கோபம் மட்டும் போகவில்லை.

நாங்கள் கௌரவ விரிவுரையாளர்கள். கௌரவம் எல்லாம் பெயரோடு சரி. நிரந்தரப் பேராசிரியர்கள் நடத்தும் அதே பாடத்தை நடத்துவோம், அதே விடைத்தாளைத் திருத்துவோம். அவர்களுக்குப் பிரசவ விடுப்பு உண்டு, எங்கள் கல்லூரியில் எங்களுக்குக் கிடையாது. சேர்ந்தாற்போல் சில நாள் வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். ஆகவே எங்களுக்குப் பிள்ளை பெறுவது என்பது பல்கலைக்கழகத்தின் நாட்காட்டியைப் பார்த்துச் செய்கிற காரியம். ஏப்ரலில் பருவத் தேர்வு முடியும், மே முழுக்க விடுமுறை, ஜூன் நடுவில் கல்லூரி திறக்கும். அதற்குள் பெற்று, எழுந்து, புடவை கட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். எங்கள் ஓய்வறையில் யார் பிள்ளையை விசாரித்தாலும் கோடையில்தான் பிறந்தநாள் வரும். என் மகளும் மே மாதத்துக்காரிதான். “உங்க வீட்டுல எல்லாம் மாம்பழ சீசன்லதான் புள்ள காய்க்குமா?” என்று ஒரு பேராசிரியர் கிண்டல் செய்வார். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறோம். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவரில்லை, கூட வேலை பார்த்தவர், பொருளாதாரத் துறை. நிரந்தர வேலை வரட்டும், வரட்டும் என்று காத்திருந்ததில் முப்பத்து நான்கு வயது ஆகிவிட்டது. கல்யாணத்தையும் விடுமுறைக்குள்தான் முடித்தார், வைகாசியில். மாப்பிள்ளைக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, வீடு பிள்ளையார்பாளையத்தில். ஆடி பிறந்த ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே போயிருந்தபோது அக்காவின் அம்மா மாகறலிலிருந்து சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்திருந்தார். புதுப் பெண்ணை ஆடிக்குத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவதுதானே வழக்கம். அக்கா வர மாட்டேன் என்று நின்றார். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தத்துக்கு மேலே இரண்டு பேரும் குரலை உயர்த்திப் பேசினார்கள்.

“ஆடியில புருசன் வூட்ல இருந்தா சித்திரையில புள்ள பொறக்கும்டி. அக்னி வெயில்ல பச்ச ஒடம்ப வச்சிக்கினு இன்னா பண்ணுவ? குடும்பத்துக்கே ஆவாதுன்னு நாலு பேரு பேசுவாங்க.”

“சித்திரையிலதாம்மா பொறக்கணும். அப்பதான் எங்களுக்கு லீவு.”

அம்மா என் பக்கம் திரும்பினார். “நீயும் காலேஜு டீச்சர்தானேமா, இவளுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.”

நான் என்னத்தைச் சொல்ல? என் மகள் உருவானதும் ஓர் ஆடியில்தான். எனக்குப் பழைய கல்யாணம், அதனால் யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா தட்டை வைத்துவிட்டுத் தனியாகவே மாகறல் பஸ் ஏறினார். “மூஞ்சிய பாத்தல்ல? இதை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க,” என்றார் அக்கா. ஊரே ஆடியில் தள்ளி வைக்கிற ஒன்றை ஆடியிலேயே செய்தாக வேண்டும் என்று ஒரு பெண்ணை நிறுத்தியது யார்? நாட்காட்டி போட்டவர்கள் அப்படி எங்கும் எழுதவில்லைதான். அவர்கள் எதை எழுதினார்கள், நாங்கள்தானே எங்கள் உடம்பில் எழுதிக்கொண்டோம்.

அக்கா நினைத்தபடியே நடந்தது. மருத்துவர் மே மாதம் முதல் பாதியில் என்று சொன்னபோது ஓய்வறைக்கு ஜாங்கிரி வாங்கி வந்தார். தேர்வு முடிந்து, விடைத்தாளையும் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் வலியே வரும் என்று சிரித்தார். பங்குனியில் வளைகாப்பு. மாகறல் அம்மா கோபத்தை விழுங்கிக்கொண்டு வந்து கை நிறைய வளையல் போட்டார். அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. தவிர்க்க முடியாத நிர்வாகக் காரணங்களால் பருவத் தேர்வுகள் ஒத்திவைக்கப்படுகின்றன, மே முதல் வாரம் தொடங்கி ஜூன் வரை நடைபெறும். என்ன காரணம் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அங்கே ஒரு கையெழுத்து, இங்கே ஒருத்தி ஒன்பது மாதமாகக் கட்டி வைத்தது எல்லாம் காலி.

அக்கா முதல்வரிடம் போய் நின்றார். கண்காணிப்பு வேலையை ஜூனுக்கு மாற்றிப் போடுங்கள், பெற்ற பிறகு வந்து எல்லா நாளும் நிற்கிறேன் என்று கேட்டார். “அட்டவணை போட்டாச்சும்மா, மாத்த முடியாது,” என்றார் அவர். அதே அட்டவணையில் ஒரு தாள் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் கருட சேவை அன்று விழுந்திருந்தது. அன்று ஊருக்குள் பஸ் வராது, தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. அதற்குக் கல்லூரியிலிருந்து கடிதம் போனது, இரண்டே நாளில் அந்தத் தாளைத் தள்ளி வைத்துவிட்டார்கள். பெருமாளுக்காகத் தேதியை மாற்றியதில் எனக்கு வருத்தமில்லை, நானும் வருடா வருடம் வாசலில் நின்று கும்பிடுகிறவள்தான். ஆனால் மாற்ற முடியாது என்று சொன்னாரே, அந்தப் பொய்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வளையல் போட்ட பெண் தாய் வீட்டுக்குப் போக வேண்டும். அக்கா தேர்வறைக்கு வந்தார். முதல் இரண்டு நாள் அவர் நடக்க நடக்க அந்தச் சத்தம் எங்கள் அறை வரை கேட்டது. மூன்றாம் நாள்தான் கைக்குட்டை வந்தது. அன்று மாலை வளாகத்து வேப்ப மரத்தடியில் ஆட்டோவுக்கு நின்றபோது நான் முடிச்சை அவிழ்க்கப் போனேன். “விடு, நாளைக்கும் கட்டத்தானே வேணும். வயித்துல இருக்கிறது இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினே இருக்கணும்னு அம்மா சொல்லிச்சு. அதையும் கட்டிப் போட்டாச்சு,” என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அன்று ராத்திரியே வலி வந்து அரசு மருத்துவமனையில் ஆண் பிள்ளை பிறந்தது. தாயும் பிள்ளையும் நலம். மீதி நாள்களுக்கு அக்காவால் வர முடியவில்லை. கல்லூரி திறந்த அன்று குழந்தையை மாகறல் அம்மாவிடம் கொடுத்து வெளியே உட்கார வைத்துவிட்டு, நடக்கக்கூடத் தெம்பில்லாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டு முதல்வர் அறைக்கு வந்தார். அவர் இடத்துக்கு ஏற்கெனவே ஆள் போட்டாகிவிட்டது. தேர்வுப் பணிக்குத் தகவல் இல்லாமல் வராதவர் என்று காரணமும் எழுதியாகிவிட்டது. முதல்வர் கத்தவில்லை, நாற்காலிகூடப் போடச் சொன்னார். பிறகு சொன்னார்: “கொஞ்சம் பிளான் பண்ணிப் பெத்துக்கக் கூடாதாம்மா?”

அக்கா உட்காரவில்லை. “நீங்க குடுத்த காலண்டரைப் பாத்துதான் சார் பெத்தேன். நான் தேதிய மாத்தல,” என்றார். கைப்பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்தார். துவைத்து, மடித்து, பெட்டி போட்டு வைத்திருந்தார். மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் அவரோடு வெளியே வந்தேன், அடுத்த மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன்.

இப்போது அக்கா ஒரு பட்டுக்கடையில் பில் போடுகிறார். பையன் பள்ளிக்கூடம் போகிறான். மாகறல் அம்மா மட்டும் இன்னமும், “சித்திரையில பெத்தா, வேல போச்சு,” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரோ செய்ததற்குப் பழியைச் சித்திரை சுமக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை வளர்கிறது. எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த வருடமும் தேர்வைத் தள்ளி வைத்துவிட்டார்கள். அந்த முதல்வர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், வேறொருவர் இருக்கிறார். போன வாரம் தேர்வறைக்கு விடைத்தாள் கட்டு வாங்க வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஆங்கிலத் துறைப் பெண், இரண்டு வருடம் முன்பு சேர்ந்தவள், நிறைமாத வயிறு, இரண்டு கையிலும் வளையல். யாரும் அவளை எதுவும் சொல்லவில்லை. அவளாகவே பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து, ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, வளையல்களைச் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

“யாரு சொன்னா உனக்கு?” என்றேன்.

“யாரும் சொல்லலக்கா. எக்ஸாம் ஹால்ல இப்டித்தான் கட்டிக்கணுமாம்.”

நான் அதைப் பிடுங்கி என் இடுப்பில் செருகிக்கொண்டேன். அவள் பயந்துபோய் முதல்வர் அறைப் பக்கம் பார்த்தாள். “யாராவது கேட்டா என் பேரைச் சொல்லு. நீ போ,” என்றேன். அவள் கட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தாழ்வாரம் முழுக்க, அவள் அறைக்குள் நுழைகிற வரைக்கும், அந்தச் சத்தம் கேட்டது.