ரத்தினம்மா எடுத்த சிலந்தி

ரத்தினம்மாவுக்கு யாரையும் "சார்" என்று கூப்பிடும் பழக்கம் கிடையாது. எங்கள் கல்லூரியின் விலங்கியல் பகுதியில் கண்ணாடிச் சாமான் கழுவும் வேலைக்கு 1955இல் சேர்ந்தார். வெள்ளைக்கார விரிவுரையாளர்கள் எதிரே வந்தால் மற்ற சிப்பந்திகள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். இவர் வாளியோடு நடுவழியிலேயே நடந்து போவார். நான் அங்கே தட்டச்சுக்காரி. பெயர் யோகம், யாழ்ப்பாணத்துக் குடும்பம், கான்வென்டில் படித்தவள். இந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றுதான் அப்போது நினைத்தேன். அவர் கழுவும் கோப்பைகளோடு சேராமல் என் தேநீர்க் கோப்பையைத் தனியாகப் பூட்டி வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது மறைத்து என்ன ஆகப் போகிறது?

அவர் ஊரில் தமிழர்கள் நெருங்கி வாழும் பேட்டையான தேக்காவில் பிறந்து வளர்ந்தவர். தகப்பனார் நகராட்சியில் சாலை போட்டவர். கணவர் மருதப்பன் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ரத்தினம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணத்துக்குப் பிறகு, ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு சங்கம் நடத்திய மாலை வகுப்பில், கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

டாக்டர் பெல்டன் சிலந்தி ஆராய்ச்சி செய்பவர். ஆனால் காட்டுக்குப் போய் அட்டைக்கடி வாங்கும் வேலையை ரத்தினம்மாவிடம் விட்டிருந்தார். மாதம் இரண்டு முறை ரத்தினம்மா பஸ் ஏறி புக்கிட் தீமா காட்டுக்குப் போவார். மரத்தடியில் மட்கிக் கிடக்கும் இலைகளைக் கோணிப்பையில் அள்ளி வந்து, வெள்ளைத் துணியின் மேல் சலிப்பார். விழுந்து ஓடுவதையெல்லாம் பிடித்து ஸ்பிரிட் குப்பியில் போட வேண்டும். குப்பைப் பையோடு ஏறக் கூடாது என்று ஒரு நாள் கண்டக்டர் தடுத்தாராம். "குப்பை இல்ல, காலேஜுக்குப் போற இலை. உன்னைவிடப் படிக்கும், தள்ளு" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டார்.

1959 தொடக்கத்தில் அந்தத் துணியின் மேல் ஒரு மணல் துகள் நகர்ந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் சிலந்தி. எள்ளில் பாதி கூட இராது. முதுகில் மட்டும் பொன் நிறம். டாக்டர் ஒரு நொடி பார்த்தார். "குஞ்சு. தூக்கிப் போடு" என்றார், தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில். முழுதாக வளராத சிலந்தியை வைத்து அது எந்த இனம் என்று யாராலும் சொல்ல முடியாது. அவருக்கு அது குப்பை.

ரத்தினம்மா தூக்கிப் போடவில்லை. ஜாம் பாட்டில் ஒன்றில் ஈரப் பஞ்சையும் கொஞ்சம் மட்கிய இலையையும் போட்டு, சிலந்தியை உள்ளே விட்டு, பீக்கர்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். இலைக்குள் துள்ளும் பொடிப் பூச்சிகளைப் பிடித்துப் பிடித்துப் போட்டார். ஐந்தாம் வாரம் அது கசகசாவை விடச் சிறியதாக ஒரு வெள்ளைப் பொட்டலம் கட்டியது. மறுநாள் காலை பாட்டிலைக் கொண்டுபோய் டாக்டரின் மேசையில் வைத்தார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள்.

"குஞ்சு முட்டை போடுமான்னு கேளுங்க மிஸ்."

நான் அப்படியே கேட்கவில்லை. "தயவுசெய்து இதை இன்னொரு முறை பார்க்க முடியுமா என்று கேட்கிறார்" என்று ஆங்கிலத்தில் குழைந்தேன். டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்தார். புத்தகங்களைப் புரட்டினார். சாயங்காலம் வரை அறையை விட்டு வெளியே வரவில்லை. உலகத்தில் இதுவரை யாரும் எழுதி வைக்காத சிலந்தி அது.

டாக்டர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். அதை நான்தான் தட்டச்சு செய்தேன். சிலந்திக்குத் தம் மனைவியின் பெயரை வைத்திருந்தார். சேகரித்தவர் என்ற இடத்தில் டாக்டர் பெல்டன். கடைசியில், "ஒரு சிப்பந்தி உதவினார்" என்று ஒரு வரி. ஒரு பிழை இல்லாமல் அடித்து, அழகாக இருக்கிறதென்று பெருமைப்பட்டேன்.

"அதுல எம்பேரு எங்க இருக்கு மிஸ்?" என்று ரத்தினம்மா கேட்டார்.

"சிப்பந்தி எண்டு போட்டிருக்கு."

"சிப்பந்தின்னு பேரு வச்சா எங்கம்மா என்னைப் பெத்தாங்க?"

கட்டுரை முடிய இரண்டு குறைகள் இருந்தன. ஆண் சிலந்தி வேண்டும். எடுத்த இடம் இன்னதென்று துல்லியமாக எழுத வேண்டும். அத்தனை நாளும் எந்த மரத்தடி என்று டாக்டர் கேட்டதே இல்லை. இப்போது கேட்டார். ரத்தினம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"இடம் சொல்ல மாட்டேன். குனிஞ்சு அள்ளுனது நான், வளத்தது நான். எம்பேரு போட்டாத்தான் ஆணும் வரும், இடமும் வரும்னு சொல்லுங்க."

"அவருக்கு இடம் சரியாக நினைவில்லையாம்" என்றேன் நான்.

ரத்தினம்மா என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னது இவ்வளவு நீளம். நீங்க சொன்னது இத்துனூண்டு. எனக்கு இங்கிலீஷ்தான் தெரியாது, அளவு தெரியும்லா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவ்வளவு வெட்கம். அவர் சொன்னதை, ஒரு சொல் விடாமல், கட்டிய கையையும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன். டாக்டரின் காது மடல் வரை சிவந்தது. மாதக் கடைசிக்குள் இடத்தைக் காட்டாவிட்டால் வேலை இல்லை என்றார்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவரே காட்டுக்குப் போனார். காலுறை நிறைய அட்டைகளோடு திரும்பினார். சிலந்தி கிடைக்கவில்லை. அது ஜூன் மாதம். புது அரசாங்கம் வந்து, பாடாங் திடலில் கூட்டம் அலைமோதி, ஊரே நெஞ்சை நிமிர்த்தியிருந்த நேரம். எங்கள் தாழ்வாரத்தில் மட்டும் சிப்பந்திகள் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டுதான் நின்றார்கள்.

"வேலை போனால் என்ன செய்வீர், ரத்தினம்மா?" என்று கேட்டேன்.

"கழுவுற கை எங்க போனாலும் கழுவும். எட்டுக்கால் பூச்சிக்கு அவரு பொண்டாட்டி பேரை வைக்கட்டும், மாமியா பேரைக்கூட வைக்கட்டும். எனக்கென்ன? எடுத்தது யாருன்னு மட்டும் பொய் எழுதக் கூடாது."

அன்று நான் கோப்பையைப் பூட்டவில்லை. அதே கோப்பையில் அவருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு கட்டுரையின் அந்தப் பக்கத்தை எடுத்து, யாரையும் கேட்காமல், மறுபடி அடித்தேன். சேகரித்தவர்: ரத்தினம்மா. டாக்டரின் மேசையில் வைத்துவிட்டு, என் வேலையும் போகட்டும் என்று அங்கேயே நின்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தார். வருடக் கடைசியில் வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறப் போகிறவர். அதற்குள் கட்டுரை போயாக வேண்டும். பேனாவை எடுப்பார், பெயரை அடித்துவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்தப் பக்கத்தை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார்.

ரத்தினம்மா மறுநாளே காட்டுக்குப் போனார். பத்து நாளில் ஆண் சிலந்தி வந்தது. முகத்தருகே இரண்டு குட்டிக் கைகள், நுனி உருண்டு திரண்டிருந்தன. ஆணுக்கு அதுதான் அடையாளம். இடத்தையும் சொன்னார். ஓடைக்கு மேலே, பலகை போல வேர் விட்ட மரத்தின் வடக்குப் பக்கம். டாக்டர் எழுதிக்கொண்டார்.

கடைசி வேலை, குப்பிக்குள் போடும் சீட்டு. விரல் நகம் அளவுதான் இருக்கும். இனத்தின் பெயர், இடம், தேதி எல்லாம் எழுதிவிட்டு, சேகரித்தவர் பெயருக்காக டாக்டர் பேனாவை மையில் தோய்த்தார். ரத்தினம்மா கையை நீட்டினார்.

"அதை நான் எழுதுறேன்."

பேனாவை வாங்கி, மூச்சை அடக்கி, அந்த நூலளவு இடத்தில் தமிழில் எழுதினார். ரத்தினம்மா. ஓர் எழுத்தும் சீட்டை விட்டு வெளியே போகவில்லை.

"இந்தக் குப்பி லண்டன் மியூசியத்துக்குப் போகிறது. அங்கே இதை யார் படிப்பார்கள்?" என்றார் டாக்டர். நான் தமிழில் சொன்னேன்.

ரத்தினம்மா சீட்டை ஊதி உலர்த்தி, இடுக்கியால் எடுத்து, தாமே குப்பிக்குள் இறக்கி, தக்கையை அழுத்தி மூடினார்.

"படிக்கத் தெரிஞ்ச ஆளைத் தேடட்டும். இத்துனூண்டு பூச்சிக்காக நான் காடு பூரா தேடல?"

ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன்.