அத்தை வாசித்த கடைசி அத்தியாயம்

எங்கள் தெருவில் பீடி சுற்றாத வீடு குறைவு. மத்தியானச் சோறு முடிந்ததும் பெண்டுகள் ஆளுக்கொரு தட்டோடு எங்கள் வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். கை இலையிலும் தூளிலும் இருக்கும், காது மட்டும் என் அத்தையிடம் இருக்கும்.

அத்தை அப்பாவின் தங்கை. சாத்தான்குளத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒரு வருஷம்போல இருந்துவிட்டு, பெட்டியோடு திரும்பி வந்தவள். ஏன் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லவில்லை. அழைத்துப் போக மாமா வீட்டிலிருந்து ஆள் மேல் ஆள் வந்ததும், அத்தை அடுக்களையை விட்டு வெளியே வராததும் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு அவளை அனுப்பிவிட வேண்டும் என்று இருந்தது.

அவளிடம் ஒரு பழைய தொடர்கதை இருந்தது. பத்திரிகையில் வாராவாரம் வந்ததைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணினது. அந்தக் காலத்தில் பேர் போன கதை. புருஷன் வீட்டில் பாடுபட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட ஒருத்தியின் கதை. தினம் ஒரு அத்தியாயமாக அத்தை அதை மரத்தடியில் வாசித்தாள். எனக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். கடைசியில் அந்தப் பெண் தையல் மிஷின் போட்டுத் தனியாகப் பிழைத்துக்கொண்டாள் என்று எதிர்வீட்டுச் சித்திதான் மூக்கைச் சிந்திக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

அந்தக் கதையை எப்போதோ படமாக எடுத்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் டிவியில் போட்டார்கள். தெருவிலேயே எங்கள் வீட்டில்தான் டிவி. விளக்கேற்றித் திருநீறு பூசாமல் அப்பா அதைத் தொடவிடமாட்டார். அன்றைக்கு மட்டும் அரைமணி முந்தியே விளக்கு வைத்தோம். சாமி பொறுத்துக்கொண்டிருப்பார்.

படம் ஆரம்பித்ததுமே குறை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

“இவளா அவ? நம்ம பிள்ள மெலிஞ்சவள்லா.”

“அழுதாளே, பொட்டு கலையுதா பாரேன்.”

“மாமியாக்காரி மட்டும் சரியா இருக்கா. எங்க மாமியா மாதிரியே முழிக்கா.”

கடைசியில் புருஷன் வாசலில் வந்து நின்றான். அவள் ஓடிப்போய் அவன் காலில் விழுந்து அழுதுவிட்டு, அவனோடு வண்டியேறிப் போனாள். அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்டுகளுக்கோ மனசு ஆறவில்லை.

“கதையக் கெடுத்துட்டானே பாவி. அவ எங்கன அவன்கூடப் போனா?” என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

“சினிமாக்காரங்க அப்படித்தான் மாத்துவாங்க மைனி, விடுங்க” என்று அத்தை எழுந்தாள்.

அப்பா விடவில்லை. “புஸ்தகத்துல எப்படி இருக்குன்னு பாத்திருவோம். ஏளா, எடுத்துட்டு வா. நீயே வாசி” என்றார் என்னிடம்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனை பேர் முன்னால் வாசிக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்டதில்லை. சாமி விளக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல உரக்க வாசித்தேன். புருஷன் வந்தான். காலில் விழுந்தாள். வண்டி கிளம்பியது. தையல் மிஷின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

பெண்டுகள் எல்லாரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு சித்தி, “அச்சடிச்சவன் தப்பா அடிச்சிருப்பான்” என்றாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

“படம் எடுத்தவன் சரியாத்தான் எடுத்திருக்கான்” என்ற அப்பா, அத்தையைப் பார்த்து, “கேட்டியா? எழுதினவரு படிச்ச மனுஷன். நாலும் தெரிஞ்சுதான் எழுதியிருக்காரு” என்றார். என் தலையில் கை வைத்து, தடுமாறாமல் வாசித்தாய் என்று மெச்சினார்.

தை பிறந்ததும் மாமா வந்து அத்தையை அழைத்துப் போனார். புத்தகத்தை அவள் எடுத்துக்கொண்டு போகவில்லை. மரத்தடியில் அப்புறம் ரேடியோ பாடியது.

எட்டாவதோடு நின்றவள் நான். எனக்கும் கல்யாணமாகி, காந்திமதி அம்மன் புண்ணியத்தில் வீடு, பிள்ளைகள் என்று ஆகிவிட்டது. சன்னிதியில் நிற்கும்போதெல்லாம் முதலில் அத்தை பேரைத்தான் சொல்லிக் கும்பிடுகிறேன். அன்றைக்கு ஒவ்வொரு பக்கமாக நான் திருப்பத் திருப்ப, அவள் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய வார்த்தை வரும் இடத்தில் நான் திக்கிவிடக்கூடாதே என்றுதான் பார்க்கிறாள் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் சத்தமாக வாசித்தேன்.