ராட்கா கேட்க மறுத்த கடவுச்சொல்

ரூசே நகரக் கப்பல் பட்டறையில் நானூற்றுப் பன்னிரண்டு பேருடைய கடவுச்சொற்கள் அடங்கிய பதிவேட்டை ராட்காதான் இருபது வருடம் பார்த்துக்கொண்டாள். எவருடையதையும் அவளால் மாற்ற முடியும். எதையும் படிக்க முடியாது. கணினி அதை மாவாக அரைத்துத்தான் வைத்திருக்கும் என்பாள். மறந்துபோய் வந்து நிற்பவர்களைச் சும்மா விடமாட்டாள்.

"பொண்டாட்டி பிறந்தநாள் வேண்டாம்னேன். இப்ப மச்சினி பிறந்தநாளா?"

"அதுதானே மறக்க மாட்டேங்குது, ராட்கா!"

கட்டியவளிடம்கூடச் சொல்லக் கூடாது என்பது அவள் போட்ட விதி.

அவள் கணவர் ஓக்னியான் வரைபடப் பிரிவில் என் பக்கத்து மேசைக்காரர். தொண்டையில் புற்று. மார்ச்சில் நான் பார்க்கப் போயிருந்தபோது, கட்டிலில் இருந்தபடி அவளைக் கூப்பிட்டார்.

"என் கடவுச்சொல்லை எழுதிக்கோ."

"வாயை மூடுய்யா. ஊரையே திட்டிட்டு நானே கேட்டுக்கவா? வேணும்னா மாத்திக்கிறேன்."

அவர் சிரித்தார். சிரித்தால் வலித்தது. மாற்றினாலே போதும் என்று அவரும் நம்பியிருக்க வேண்டும். மறுபடி கேட்கவில்லை.

அந்த வாரமே போய்விட்டார். வேறு கை படக் கூடாதென்று அவர் போன அன்றைக்கே அவளே வந்து அவருடைய கணினிக் கணக்கை மூடினாள்.

நாற்பதாம் நாள் சடங்கில், வழக்கப்படி, கல்லறைக்கு வந்தவர்களுக்கு அவித்த கோதுமை கொடுத்தார்கள். மகள் பில்யானாவிடம் கேட்டேன்: "அப்பா உனக்காகப் பேசி வச்சதைக் கேட்டியா?"

"என்ன பேசினாரு, அத்தை?"

குரல் போவதற்குள் என்று குளிர்காலம் முழுக்க மதியவேளையில் அலுவலகக் கணினியில் பேசிப் பதிவு செய்துவந்தார். ராட்காவுக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன்.

மறுநாள் மூவரும் அவர் மேசையில் உட்கார்ந்தோம். ராட்கா புதுக் கடவுச்சொல் போட்டுக் கணக்கை மறுபடி திறந்தாள். ஆனால் பதிவுகள் இருந்த கோப்புறையை அவர் தனியாகப் பூட்டியிருந்தார். அவருடைய பழைய கடவுச்சொல் மட்டுமே அதைத் திறக்கும். ராட்கா பெயர்களைப் போட்டாள், தேதிகளை, நாயின் பெயரை, அவர் வரைந்த கப்பல்களை. பிறகு நிறுத்திவிட்டாள். அவள் வேண்டாம் என்று சொன்ன எதையும் அவர் வைத்திருக்க மாட்டார்.

"அம்மா, நீ மாத்தினா எதுவும் திறக்கும்னு சொல்லுவியே?"

"இது என் பதிவேட்டுல இல்லடி. அப்பா சொல்லத்தான் வந்தாரு. நான்தான் வாயை மூடச் சொன்னேன்."

பில்யானா என் பக்கம் திரும்பினாள். "அத்தை, நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? ஒரு வரியாவது காதுல விழுந்திருக்குமே?"

அவர் பேசத் தொடங்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன், கேட்பது மரியாதையல்ல என்று. அதைத்தான் அவளிடம் சொன்னேன்.