ஈயம் போடாத தட்டு

பொறாமையே படாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடலாம். மற்றவர்கள் உட்காருங்கள்... பேசுவோம்.

போன வெள்ளிக்கிழமை பெரிய கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே ஷாகிதாவின் லேபுக்குப் போனேன். காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். கெமிஸ்ட்ரியில் நான் முதல் மார்க், அவள் இரண்டாவது. இப்போது நான் கீழ்பென்னாத்தூரில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அவளோ டாக்டர் ஷாகிதா. உயிரோடு இருக்கும் செல்லுக்குள் ஈயம் புகுந்தால் பச்சையாக ஒளிரும் சாயம் ஒன்றை நாலு வருஷமாக உருவாக்கிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வயிறு எரியுமா, எரியாதா?

மறுநாள் சென்னையிலிருந்து பெரிய ஆட்கள் சாயத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால்தான் ஆராய்ச்சி தொடரும். அன்றைக்கு ஒத்திகை. இரண்டு தட்டுகளில் உயிருள்ள செல்கள் — ஒன்றில் ஈயம் போட்டிருக்கிறாள், இன்னொன்றில் போடவில்லை. போட்டது ஒளிர வேண்டும், போடாதது இருட்டாகவே இருக்க வேண்டும்.

"கலா, அந்த ஈயம் போடாத தட்டுல மட்டும் புது மீடியம் ஊத்திடுறியா? கிளவுஸ் அங்க இருக்கு பாரு."

மீடியம் என்பது செல்களின் சாப்பாடு. அதை ஊற்ற கிளவுஸா? முதல் மார்க் வாங்கியவளுக்கா? வெறுங்கையாலேயே மூடியைத் திறந்து ஊற்றினேன்.

மத்தியானம் சாயத்தைச் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். ஈயம் போட்ட தட்டு பச்சை. போடாத தட்டும்... பச்சை!

"ஈயமே போடலியேடி... அப்ப சாயம் பொய் சொல்லுதா?" நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "நாளைக்கு என்னான்னு சொல்லுவேன்? நாலு வருஷமும் போச்சு."

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பாவம் என்ற எண்ணம் கொஞ்சம் லேட்டாகத்தான் வந்தது. ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தபடியே நெற்றி வியர்வையைத் துடைத்தேன். விரலெல்லாம் சிவப்பு.

குங்குமம். வழியில் வாங்கிய மலிவு பாக்கெட். காலையிலும் இதே விரலால்தான் நெற்றியில் இட்டுக்கொண்டேன், கை கழுவாமல் வந்து தட்டைத் திறந்தேன். மலிவுக் குங்குமத்தில் நிறத்துக்காகச் சிவப்பு ஈயம் கலப்பதுண்டு என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவளே நான்தான்!

சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியப்போகிறது? அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். அந்த நிலையிலும் எனக்குச் சர்க்கரை கம்மியாகப் போட்டிருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"ஷாகி... நான் கிளவுஸ் போடல."

திட்டுவாள் என்று நினைத்தேன். விரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். "பாக்கெட்ட எடு!" என்றாள்.

அன்றைக்கே புதிதாக மூன்று தட்டுகள் வைத்தாள். ஒன்றில் குங்குமமும் சாயமும், ஒன்றில் வெறும் குங்குமம், ஒன்றில் வெறும் சாயம். மறுநாள் காலை இரண்டும் கலந்த தட்டு மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. மற்ற இரண்டும் இருட்டு.

"சாயம் பொய் சொல்லலடி!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

வந்தவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அந்தக் குங்குமத் தட்டுதானாம். ஆராய்ச்சி தொடரும். தப்பு என்னுடையது, குங்குமம் என்னுடையது, கைதட்டல் மட்டும் அவளுக்கு. எரிச்சல் இருக்குமா, இருக்காதா?

நேற்று அவளிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் — ஒரு பெட்டி கிளவுஸ். போட்டுப் பார்த்தேன். கச்சிதம். இத்தனை வருஷம் கழித்தும் என் கை அளவு அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அவள் கை அளவு எனக்குத் தெரியாது. இதிலும் அவள்தான் முதல் மார்க்!